ஓவர்சியர் சத்தம் போட்டான்

மதுரை
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கம்பு இல்லாமலே தெருமுனை வரை நடக்கிறாய் என்று உன் மகள் போனில் சொன்னாள். சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். வாத்தியார் மகளுக்குச் சித்திரையில் கல்யாணம், பத்திரிகை தனியாக வரும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் விஷயத்தைச் சம்பந்தி வீட்டார் முன்னால் யாரும் எடுக்கக்கூடாது என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். யாரும் என்றால் யார் என்று உனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓவர்சியர் சத்தம் போட்டான்! போன வாரம் கொடைக்கானலில், கோல்ஃப் மைதானத்தின் நட்டநடுவில், மேஜரைப் பார்த்து, பழைய ஓவர்சியர் குரலில். ஹாஸ்டல் மெஸ்ஸில் பரோட்டா கணக்குக்காக ஒரு ராத்திரி கத்தினானே, அதே குரல். இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவன் மனைவி, நம் தங்கச்சி, போனதிலிருந்து அவன் எப்படி இருந்தான் என்பதை நீயும் காரியத்தன்று பார்த்தாய். அதற்குப் பிறகு இன்னும் மோசம். போன் செய்தால் எடுப்பான், 'ம்' என்பான், வைத்துவிடுவான். வீட்டுக்குப் போனால் டிவி ஓடும், அவன் அதைப் பார்க்க மாட்டான். நாங்கள் போய் எதிரே உட்கார்ந்து ஆறுதல் சொல்லச் சொல்ல அவன் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தான். மூன்று பேர் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மனுஷனால் பேச முடியும்? இது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

மேஜர்தான் வழி கண்டுபிடித்தார். பட்டாளத்தில் வெலிங்டனில் இருந்த காலத்தில் பிடித்த கோல்ஃப் பழக்கம் அவருக்கு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் வலை கட்டி வைத்து, எனக்கும் அங்கேதான் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் ஓவர்சியரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, எதுவும் விளக்காமல், ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையைக் கையில் கொடுத்து, "அடிப்பா" என்றார். அவன் அடித்தான். மறுநாளும் வந்தான். பேசவில்லை, ஆனால் வந்தான். பாலம் கட்டின கை அல்லவா, அளந்து நிதானமாக அடிப்பான். கொஞ்ச நாளிலேயே பந்து நேராகப் போக ஆரம்பித்துவிட்டது.

உன் பதில் எனக்கு இப்போதே கேட்கிறது. "பணக்காரன் விளையாட்டுடா அது, பென்ஷன்காரனுக்கு எதற்கு?" என்பாய். அதற்கும் வருகிறேன், பொறு.

மேஜர் கொடைக்கானல் கிளப்பில் உறுப்பினர். நாங்கள் இருவரும் அவருடைய விருந்தாளிகளாகப் போனோம். இ-பாஸ் எடுத்துக்கொண்டு, விடியும் முன்பே கிளம்பி, வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டு மலை ஏறினோம். 1895-ல் தொடங்கின கிளப் மாப்ளே அது. பதினெட்டு குழி. ஏழாயிரம் அடி உயரத்தில், ஏறி இறங்கும் புல்வெளி, ஓரமெல்லாம் பைன் மரம். சமதளம் என்று நிற்க ஒரு இடம் கிடைப்பது கஷ்டம். ஒன்று பந்து பாதத்துக்கு மேலே இருக்கும், இல்லையென்றால் கீழே இருக்கும். பிப்ரவரி மாதக் காலை, புல் நுனியெல்லாம் ஈரம், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வெயில் ஏறும் வரைக்கும் விரல் சொன்னபடி கேட்கவில்லை.

அந்த உயரத்தில் காற்று லேசு. அதனால் பந்து கீழே போவதைவிட ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் தூரம் பறக்கும். மதுரையில் 140 கஜம் போகிற அடி அங்கே 150 போகும். மேஜர் முதல் இரண்டு குழியிலும் கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்தரையை, தாண்டி அடித்துவிட்டு மட்டையை முறைத்துக்கொண்டு நின்றார். எங்கள் மட்டைப் பையைச் சுமந்து வந்த கேடிப் பையன் மெதுவாக, "சார், இங்க ஒரு நம்பர் குறைச்சு எடுங்க" என்றான். அவன் சொன்னது தூரக் குறைவு; மட்டையில் நம்பர் ஏற ஏறத் தூரம் குறையும். அவன் சொன்னபடி ஏழுக்குப் பதில் எட்டாம் நம்பரை எடுத்தார், பந்து சரியாகப் போய் உட்கார்ந்தது.

அந்தப் பையன் புல்லைப் படிக்கிற விதத்தை நீ பார்க்க வேண்டும். கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும்போது எந்தப் பக்கம் சாயும் என்று நாங்கள் குனிந்து, உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்போம். மேடு என்று எங்களுக்குத் தோன்றுகிற இடம் உண்மையில் பள்ளமாக இருக்கும். சுற்றிலும் மலை நிற்பதால் கண்ணுக்கு மட்டம் தெரியாது. அவன் பார்க்கக்கூட மாட்டான். "கண்ணை நம்பாதீங்க சார், பள்ளத்தாக்குப் பக்கம் இழுக்கும்" என்று விரலை ஒரு இடத்தில் வைப்பான். அங்கே பார்த்து உருட்டினால் பந்து வளைந்து போய்க் குழிக்குள் விழும். ஒரு குழி காலியாக இருந்தபோது மேஜர் டிரைவர் என்கிற தன் நீள மட்டையை அவனிடம் கொடுத்து அடிக்கச் சொன்னார். என்ன ஒரு வீச்சு! இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, கடைசியில்தான் கை வருகிறது. எங்கள் மூவரின் பந்தையும் தாண்டி எங்கேயோ போய் விழுந்தது. கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டேன். "பார்த்துப் பழகினதுதான் சார், திங்கக்கிழமை அடிப்போம்" என்றான். நம் நாட்டில் பல கிளப்புகளில் அப்படித்தான், வாரத்தில் மைதானம் மூடியிருக்கிற அந்த ஒரு நாள்தான் கேடிகளுக்கு.

இந்த இடத்தில் எனக்கு உன்மேல் பாதி கோபம், பாதி சம்மதம். பணக்காரன் விளையாட்டு என்று நீ சொல்வது நம் ஊரைப் பொறுத்தவரை உண்மை. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு ஊர். இந்த விளையாட்டுக்குப் பதினெட்டு குழி என்ற கணக்கே அங்கே 1764-ல் வந்ததுதான். அங்கே இருக்கிற பழைய மைதானம் இன்றைக்கும் பொது நிலம். கிளப் உறுப்பினராக இல்லாதவர்களும் கட்டணம் கட்டி ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வருவார்கள். பிறந்த ஊரில் விளையாட்டு அப்படி இருக்கிறது. நம் ஊரில் வேலிக்கு உள்ளே இருப்பவன் மட்டையைப் பிடிக்கிறான், வேலிக்கு வெளியே பிறந்தவன் பையைச் சுமக்கிறான். ஆனால் யாரிடம் திறமை இருக்கிறது? கேடியாகத் தொடங்கிய டெல்லி அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்றார், 1993-ல் மறுபடியும் வென்றார். பை சுமக்கிற பையன்களுக்கு ஒரு பழைய செட் மட்டையும் வாரத்தில் இன்னும் இரண்டு நாளும் கொடுத்தால் எத்தனை பேர் வருவார்கள்! ஊருக்கு ஒன்று வேண்டாம், ஜில்லாவுக்கு ஒன்றாவது, ஒன்பது குழியோடு, பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிற மைதானம் இருக்கக்கூடாதா? கிரிக்கெட்டுக்கு ஒரு பொட்டல் போதும், இதற்குப் போதாது, தண்ணீர் செலவு வேறு, எல்லாம் தெரியும். தெரிந்தும் ஆதங்கமாக இருக்கிறது. மேஜர் அந்தப் பையனுக்குத் தன் பழைய அயர்ன் செட்டைக் கொடுத்துவிடப் போகிறார். அதை நான் விடமாட்டேன், ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பேன்.

எங்கே விட்டேன்? ஓவர்சியர்.

நாங்கள் ஆடினது ஸ்டேபிள்ஃபோர்டு கணக்கு. அது ஒரு டாக்டர் பெயர், இங்கிலாந்தில் வாலஸி என்ற கடற்கரை மைதானத்தில் 1932-ல் கொண்டுவந்தார். அங்கே காற்று பேய்க்காற்று. ஆரம்பத்தில் ஒரு குழியில் அடி கூடிப்போனாலும் அன்றைய ஆட்டமே போச்சு என்று ஆட்கள் மனம் விட்டுவிடுவார்களாம். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு குழிக்கும் தனியாகப் புள்ளி. அந்தக் குழிக்கு உனக்கென்று குறித்த அடியில் முடித்தால் இரண்டு, ஒரு அடி குறைந்தால் மூன்று, இரண்டு குறைந்தால் நான்கு, ஒரு அடி கூடினால் ஒன்று, அதற்கு மேல் போனால் சுழி. எவ்வளவு கெட்டுப்போனாலும் அந்தக் குழியோடு சரி, பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம். ஆளுக்கு ஆள் திறமை வேறு என்பதால் ஹேண்டிகேப் என்று ஒரு சலுகைக் கணக்கு உண்டு. கடைசியாக ஆடின இருபது ஆட்டத்தில் சிறந்த எட்டை எடுத்துக் கணக்குப் போடுவார்கள். நாற்பது வருஷம் ஆடின மேஜரும், நேற்றுக் கற்றுக்கொண்ட ஓவர்சியரும் ஒரே பந்தயத்தில் நிஜமாகவே போட்டி போடலாம். எங்களுக்கு அப்படி முறையான ஹேண்டிகேப் எல்லாம் கிடையாது. ஓவர்சியருக்குக் குழிக்கு இரண்டு அடி சலுகை, எனக்கு ஒன்று, மேஜருக்கு இல்லை என்று பேசிக்கொண்டோம். தோற்றவன் இறங்கும்போது திண்டுக்கல்லில் பிரியாணி வாங்கித்தர வேண்டும்.

ஏழோ எட்டோ குழி போயிருக்கும். ஓவர்சியர் பந்து ஓரத்தில் பைன் மரத்தடிக்குப் போய்விட்டது. தேடக் கிடைப்பது மூன்று நிமிஷம்தான், முன்பு ஐந்தாக இருந்ததை 2019-ல் குறைத்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்தோம். அவனே கண்டுபிடித்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து மரத்தடியிலிருந்து நல்ல அடி ஒன்று அடித்து வெளியே கொண்டுவந்தான். குழியை முடித்ததும் மேஜர் அட்டையில் எழுதப் போனார். "ஐந்து" என்றார். ஓவர்சியர், "ஆறு" என்றான்.

மேஜர் எண்ணிப் பார்த்து, ஐந்துதான் என்றார். அவன், பந்தின்மேல் கிடந்த பைன் ஊசியை எடுத்தபோது பந்து அரைச் சுற்று உருண்டுவிட்டது, பழைய இடத்தில் வைத்துத்தான் அடித்தேன், அதற்கு ஒரு அடி தண்டம் என்றான். சட்டம் அப்படித்தான், ஊசியை எடுக்கலாம், ஆனால் எடுக்கும்போது பந்து நகரக்கூடாது. மேஜர் பரிவோடு, "விடுப்பா, நமக்குள்ள ஆடறோம், யாரு பார்த்தா?" என்றார்.

அவ்வளவுதான். "நான் பார்த்தேன்யா!" என்று ஒரு சத்தம் போட்டான் பார். "நான் பார்த்தேன்! ஆறுன்னா ஆறு! எழுதுறதுன்னா ஒழுங்கா எழுதும், இல்லேன்னா அட்டைய என்கிட்ட கொடும். எனக்குப் பாவம் பார்த்துப் புள்ளி போட வேணாம்!" கேடிப் பையன் நடுங்கிப்போனான். மேஜர், பட்டாளத்தில் எத்தனையோ பேரை அதட்டின மனுஷன், ஒரு வார்த்தை பேசாமல் ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்ளே.

பாபி ஜோன்ஸ் என்று ஒரு வக்கீல், அமெரிக்காக்காரர், கடைசிவரை காசுக்கு ஆடாதவர். 1925-ல் அமெரிக்க ஓப்பனில் அவர் அடிக்கப் போகும்போது புல்லில் பந்து லேசாக அசைந்துவிட்டது. அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. தனக்குத்தானே ஒரு அடி தண்டம் போட்டுக்கொண்டார். முடிவில் சமநிலை, அப்புறம் நடந்த ஆட்டத்தில் தோற்றார். அந்த ஒரு அடி இல்லாவிட்டால் பட்டம் நேரே அவருக்கு வந்திருக்கும். ஐந்து வருஷம் கழித்து 1930-ல் ஒரே வருஷத்தில் நான்கு பெரிய பட்டத்தையும் வென்றுவிட்டு, 28 வயதில் போட்டி ஆட்டத்தையே விட்டுவிட்டார். மேஜர் இந்தக் கதையை எங்களுக்கு வலைக்கு முன்னால் நின்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவரே அன்றைக்கு மறந்துவிட்டார், ஓவர்சியர் மறக்கவில்லை. நம் ஆள் சர்வீஸ் முழுவதும் அப்படித்தானே இருந்தான்? அளவுப் புத்தகத்தில் ஒரு அங்குலம் கூட்டி எழுத மாட்டேன் என்று நின்று அவன் வாங்கின மாற்றல்கள் உனக்குத் தெரியாததா? அந்த மனுஷன் உள்ளேயே இருந்திருக்கிறான்.

அதற்கு இரண்டு குழி தள்ளி, காட்டுமாடு. ஏழெட்டு இருக்கும், ஃபேர்வே என்கிற ஆட்டப் புல்வழியின் குறுக்கே மேய்ந்துகொண்டிருந்தன. பெரிய காளை ஒன்று, கால் நாலும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி. ஆயிரம் கிலோ வரை போகும் என்கிறார்கள், பார்த்தால் நம்பலாம். கேடிப் பையன் கையைக் காட்டி நிறுத்திவிட்டான். ஆபத்தான மிருகம் பக்கத்தில் இருந்தால் தண்டமில்லாமல் பந்தை வேறு இடத்தில் வைத்து ஆடலாம் என்று சட்டமே இருக்கிறது, ஆனால் இங்கே முழு வழியும் அவற்றுக்குச் சொந்தம். சரி, போகும்போது போகட்டும் என்று சரிவில் உட்கார்ந்துவிட்டோம்.

அங்கேதான் ஓவர்சியர் பேசினான். எங்களைப் பார்க்காமல், மாடுகளைப் பார்த்தபடியே பேசினான். கேஸ் கனெக்‌ஷன் தங்கச்சி பெயரில் இருக்கிறதாம். பெயர் மாற்ற இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு ஏஜென்சி வாசல்வரை போய்ப் போய்த் திரும்பி வந்திருக்கிறான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அவள் பெயரில்தான் மெசேஜ் வருகிறதாம், அதை அழிக்க மனசு வரவில்லை என்றான். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவள் என்னென்ன சொன்னாள் என்றெல்லாம் சொன்னான். அதை நான் எழுதப் போவதில்லை, அவனே உனக்குச் சொல்லுவான். நாங்கள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மேஜர் மட்டும், "ஏஜென்சிக்கு நான் கூட வர்றேன்" என்றார். அவன் தலையாட்டினான். வருகிற புதன்கிழமை மூவரும் போகிறோம்.

நான் அதற்கப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு அடிக்கு ஆகிற நேரம் இரண்டு வினாடிகூட இல்லை. நூறு அடி அடித்தாலும் மூன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஆட்டம் நடப்பதோ நான்கு மணி நேரத்துக்கு மேல். மீதி நேரமெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நடப்பதுதான். ஒருவன் அடிக்கும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது முறை. போனை எடுக்கக்கூடாது. கேள்வி கேட்டால் பதில் வர ஒரு குழி தூரம் ஆகலாம், அதற்கு யாரும் அவசரப்படுத்துவதில்லை. நம் வயதில் நண்பர்கள் நான்கு மணி நேரம் சேர்ந்து இருக்கிற சந்தர்ப்பம் வேறு எங்கே கிடைக்கிறது, சொல்லு? கல்யாணத்தில் பந்தி முடிந்தால் கிளம்பிவிடுகிறோம். துக்க வீட்டில் நாற்காலி போட்டால் பத்து நிமிஷம். எனக்கு இந்த விளையாட்டின்மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு இதுதான் காரணம்.

பொய் சொல்லக்கூடாது, இன்னொரு காரணமும் உண்டு. பின்பகுதியில் ஒரு பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. பள்ளத்தைத் தாண்டி எதிர்ச்சரிவில் கிரீன். எட்டாம் நம்பரை எடுத்து அடித்தேன். மட்டையின் நடு இடத்தில் பந்து பட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது மாப்ளே, அதிர்வே இருக்காது, ஒரு சின்ன 'டக்' மட்டும் கேட்கும். அது கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் பந்து நீல வானத்தில் ஏறிக்கொண்டே இருக்கிறது, இறங்க மனசில்லாமல் ஒரு கணம் நிற்கிறது, அப்புறம் கொடிக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்து நின்றுவிட்டது. ஓவர்சியர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டான். இன்னும் வலிக்கிறது. பேர்டி, அதாவது பாரைவிட ஒரு அடி குறைவு. சலுகை அடியும் சேர்த்து நான்கு புள்ளி! ராத்திரி படுத்தால் அந்த 'டக்' கேட்கிறது.

பிரியாணிக்குக் காசு கொடுத்தது யார் என்று எழுத மாட்டேன். வந்து கேட்டுக்கொள்.

ஆமாம், வரத்தான் சொல்கிறேன். ஒரு குழுவுக்கு நான்கு பேர், நாங்கள் மூன்று பேர்தான் இருக்கிறோம். வாத்தியார் கல்யாண வேலையில் முங்கிவிட்டார், அவருக்கு இதில் இஷ்டமும் இல்லை. உன் முட்டிக்கு மேடு பள்ளம் ஏறி இறங்க ஆகுமா என்று உன் டாக்டரைக் கேள். முட்டி மாற்றினவர்கள் ஆறினபிறகு கோல்ஃப் ஆடுவது உலகமெங்கும் சகஜம், எப்போது தொடங்கலாம் என்பதை மட்டும் அவர் சொல்லட்டும். முழுசும் நடக்க வேண்டாம், ஒன்பது குழி போதும். அதுவும் முடியாவிட்டால் எங்களோடு சும்மா நடந்து வந்து அட்டை எழுது. ஓவர்சியருக்கு அட்டை எழுதுவது எவ்வளவு ஜாக்கிரதையான வேலை என்று இப்போது உனக்குத் தெரியுமே.

சித்திரைக் கல்யாணத்துக்கு எப்படியும் வருகிறாய். நாலு நாள் முன்னதாகவே வா. மட்டை மேஜரிடம் இருக்கிறது. அடிப்பக்கம் வழுக்காத ஷூ, ஒரு ஸ்வெட்டர், தலைக்குத் தொப்பி, இவை மட்டும் கொண்டு வந்தால் போதும். சீசன் நேரத்தில் இ-பாஸுக்கும் ரூமுக்கும் அடிதடியாக இருக்கும் என்பதால், இந்த மாதக் கடைசிக்குள் தேதியைச் சொல்லிவிடு. ஓவர்சியருக்கு ஒரு போன் போடு. இந்த முறை 'ம்' என்று வைத்துவிட மாட்டான். ஆறு அடியா ஐந்து அடியா என்று மட்டும் கேள், மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன்
பழைய ரூம்மேட்